குழந்தையை மலைக்கு அனுப்பலாமா?

(ஒலிப்பகுதியின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

இந்தப் பகுதியில விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான் பேசப் போறேன்.

போன தடவை ராத்திரித் தூக்கத்தைப் பத்திப் பேசினப்போ, நடுவுல ஒரு வரி சொல்லியிருந்தேன். பையன் மூணு நாள் ஏற்காடு போயிருந்தப்பதான் நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா சாப்பிட்டோம்னு. அதுக்கப்புறம் வந்த கேள்வி ஒண்ணுகூட தூக்கத்தைப் பத்தி இல்லைங்க. எல்லாம் ஏற்காட்டைப் பத்தித்தான். "நீங்க இல்லாமலா அனுப்புனீங்க?" "குழாய் வெச்ச பையனையா?" "எங்க பொண்ணு ஸ்கூல்லயும் கூட்டிட்டுப் போறாங்க, அனுப்பலாமா?" அதனால இன்னைக்கு அதையே முழுசா பேசிடலாம்.

முதல்ல என் பையனைப் பத்திச் சொல்லிடறேன். புதுசா கேக்கறவங்களும் இருப்பீங்க. அவனுக்கு 14 வயசு. பெருமூளை வாதம், அதாவது நாம சிபின்னு சொல்றது. தானா உக்கார முடியாது, வீல்சேர்தான். வார்த்தையா பேச மாட்டான். விழுங்கறதுல சிரமம் இருக்கறதால ஒன்பது வயசுல வயித்துல குழாய் வெச்சாங்க, கஞ்சி, தண்ணி, மருந்து எல்லாம் அது வழியாத்தான். வலிப்பு இருக்கு. ரெண்டு மருந்து தினமும் போகுது. அப்படியும் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வந்துடும்.

இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடறேன். இது ஒரு வீட்டோட அனுபவம். மருந்து அளவு, அவசரத்துக்கு என்ன செய்யணும்ங்கறதெல்லாம் உங்க குழந்தையைப் பார்க்கற டாக்டர்தான் சொல்லணும். என் பையனோட கணக்கு உங்க குழந்தைக்குப் பொருந்தாது.

இது டூர் கேள்வி மட்டும் இல்ல

ஸ்பெஷல் ஸ்கூல் வாசல்ல சாயங்காலம் காத்திருக்கற அம்மாக்கள் என்ன பேசினாலும், கடைசில ஒரே இடத்துலதான் வந்து நிப்பாங்க. "நமக்கு அப்புறம் இவங்களை யாரு பாத்துப்பா?" அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டோம். பஸ் வந்துடும், பிள்ளைகளைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவோம்.

எங்க வீட்டுல 14 வருஷமா கல்யாணம், காதுகுத்து எதுவா இருந்தாலும் ஒருத்தர் போனா ஒருத்தர் வீட்டுல. அவனுக்குக் கஞ்சி எந்தப் பதத்துல இருக்கணும், முனகல்ல எது வலி, எது சலிப்பு, ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னாடி கண்ணு எந்தப் பக்கம் இழுக்கும், இதெல்லாம் எங்கயும் எழுதி வெக்கல. எல்லாம் என் கையிலயும் காதுலயும்தான் இருந்துச்சு. எனக்கு டெங்கு வந்து ஒரு வாரம் படுத்துட்டா அவனுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?

அவனுக்கு 18 வயசு ஆனதும் சட்டப்படி காப்பாளர் வேணும். அதுக்கு 1999ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கலாம். நல்ல ஏற்பாடு, வேணும்தான். ஆனா அந்த உத்தரவுக் காகிதம் காப்பாளருக்குக் கஞ்சி ஊத்தச் சொல்லித் தராதுங்க. அதை உயிரோட இருக்கறப்ப நாமதான் சொல்லிக் கொடுக்கணும்.

அதனால ஸ்கூல்ல "மூணு நாள், ரெண்டு ராத்திரி, பெற்றோர் இல்லாம"ன்னு நோட்டீஸ் கொடுத்தப்ப, எனக்கு அது சுற்றுலா அறிவிப்பா மட்டும் தெரியல. 30 வருஷக் கேள்விக்கு மூணு நாள் ஒத்திகையாத் தெரிஞ்சுது.

இந்த யோசனை உலகத்துக்குப் புதுசும் இல்ல. இன்சுலினைக் கண்டுபிடிச்சது 1921ல. நாலே வருஷத்துல, 1925ல, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல லியனார்ட் வெண்ட்ங்கற டாக்டர் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு முகாம் நடத்தினார். அன்னைக்கு ஊசி போட்டுக்கிட்டு ஒரு பிள்ளை வீட்டை விட்டு வெளிய தங்கறதே பெரிய விஷயம். அப்புறம் 1988ல சினிமா நடிகர் பால் நியூமன், புற்றுநோய் மாதிரி கடுமையான நோய் உள்ள பிள்ளைகளுக்காக கனெக்டிகட்ல ஒரு முகாம் ஆரம்பிச்சார். அங்கெல்லாம் டாக்டரும் நர்சும் முகாமுக்குள்ளயே இருப்பாங்க. நம்ம ஊர்ல அந்த வசதியை நாமளே துண்டு துண்டா சேர்க்க வேண்டியிருக்கு.

கூட்டிட்டுப் போறவங்ககிட்ட என்ன கேக்கணும்

நான் ஒரு நோட்டு எடுத்துட்டுப் போய் உக்காந்து கேட்டேன். நீங்களும் கேளுங்க. கூச்சமே பட வேண்டாம்.

எத்தனை பிள்ளைங்க, எத்தனை பெரியவங்க? எங்களுக்கு எட்டு பிள்ளைங்க, ஒன்பது பெரியவங்க. அதுல ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட். ஆனா எண்ணிக்கை மட்டும் போதாது. "எல்லாரும் சேர்ந்து பாத்துப்போம்"னா கடைசில யாரும் பார்க்கலன்னு ஆகிடலாம். என் பையனுக்குப் பகல்ல யாரு, ராத்திரி யாருன்னு ரெண்டு ஆளைக் காட்டச் சொன்னேன்.

குழாய்ல கஞ்சி கொடுத்துப் பழகினவங்க எத்தனை பேர்? ஒருத்தர் மட்டும்னா பத்தாதுங்க. அவங்களுக்கே மலைல காய்ச்சல் வந்தா? குறைஞ்சது ரெண்டு பேர்.

தங்கற இடம் தரைத்தளமா? பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்? டேப் வெச்சு அளந்து சொல்லச் சொன்னேன். வீல்சேர் நுழையாத பாத்ரூம்னா ஒவ்வொரு தடவையும் 26 கிலோ பையனை ரெண்டு பேர் தூக்கணும், ஈரத் தரையில. கரண்ட் போனா என்ன ஏற்பாடு? என் பையனுக்கு மெஷின் எதுவும் கிடையாது. ஆனா கூட வந்த ஒரு பொண்ணுக்கு சளி உறிஞ்சற மெஷின் வேணும், அந்தக் குடும்பத்துக்கு இதுதான் முதல் கேள்வி.

வண்டி மூணு நாளும் மேலயே நிக்குமா? இறக்கி விட்டுட்டுக் கீழ போயிடற வண்டின்னா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். ஏற்காட்டுல அரசு மருத்துவமனை இருக்கு. பெருசா ஏதாவதுன்னா சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் இறங்கணும். சுமார் 30 கிலோமீட்டர், நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க. 108ஐக் கூப்பிடுவோம்தான். ஆனா நம்ம வண்டியும் டிரைவரும் தயாரா நிக்கறது வேற தைரியம்.

இதுல மூணு கேள்விக்கு அந்த ஒருங்கிணைப்பாளர், "தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்"னு சொன்னாங்க. மூணுக்கும் ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கதான். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு அமைப்பு கூப்பிட்டப்ப, எதைக் கேட்டாலும் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா, கவலைப்படாதீங்க"ன்னாங்க. அனுப்பல. கவலைப்படாதீங்கங்கறது பதில் இல்லைங்க.

டாக்டர் சொன்னது

ஒன்றரை மாசம் முன்னாடியே நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். அவர் ரெண்டே கேள்வி கேட்டார். மருந்து மாத்தி எத்தனை நாள் ஆச்சு? கடைசியா ஃபிட்ஸ் எப்ப வந்துச்சு? மருந்து மாத்தி ஏழு மாசம், ஃபிட்ஸ் வந்து நாலு மாசம். "போயிட்டு வரட்டும்"னார்.

உயரத்தைப் பத்தி நான் பயந்திருந்தேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரத்தால மூச்சுக் கோளாறு வர்றதெல்லாம் பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான், அது இங்க பிரச்சனை இல்லன்னார். பிரச்சனை அந்த 20 வளைவுதான். வாந்தி எடுத்தா உள்ள போன வலிப்பு மருந்தும் வெளிய வந்துடும். அதனால கஞ்சியும் மருந்தும் சேலத்துல, மலை ஏறறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிருக்கணும். வாந்தி எடுத்தா மருந்தைத் திரும்பக் கொடுக்கணுமா, எத்தனை நிமிஷத்துக்குள்ளன்னா கொடுக்கணும், இதையெல்லாம் எழுதியே வாங்கினோம். தூக்கம் கெடறது, காய்ச்சல், மருந்து தவறுறது, இந்த மூணும் ஃபிட்ஸைக் கூப்பிட்டு வரும். டூர்ல மூணுக்கும் வாய்ப்பு இருக்கு. அதைத்தான் காவல் காக்கணும்.

அவர் லெட்டர்பேட்ல ஒரே பக்கம் எழுதிக் கொடுத்தார். என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மணிக்கு எத்தனை மில்லி. ஃபிட்ஸ் 5 நிமிஷத்தைத் தாண்டினா மூக்குல அடிக்கற மிடசோலாம் ஸ்ப்ரே எத்தனை தடவை. எப்ப ஆஸ்பத்திரி. அந்தக் காகிதத்தை நாலு நகல் எடுத்து வீல்சேர் பையில ஒண்ணு, நர்ஸ்கிட்ட ஒண்ணு, வண்டியில ஒண்ணு, மருந்துப் பையில ஒண்ணுன்னு வெச்சோம்.

அந்த நோட்டு

40 பக்க நோட்டு ஒண்ணு வாங்கி எழுத உக்காந்தேன். ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்னு உக்காந்தது மூணு வாரம் ஆச்சு. என் கை தானா செய்யற வேலைக்கு வார்த்தை கண்டுபிடிக்க அவ்வளவு நேரம்.

கஞ்சிப் பக்கம்: மாவை ஒருவேளைக்கு ஒரு பொட்டலம்னு பிரிச்சு வெச்சிருக்கு. காய்ச்சி, ஆற வெச்சு, கண்டிப்பா வடிகட்டணும், கட்டி இருந்தா குழாய் அடைச்சுக்கும். முன்னாடியும் பின்னாடியும் வெந்நீர் ஆறின தண்ணி விடணும். சிரிஞ்ச்ல அழுத்தித் தள்ள வேண்டாம், தூக்கிப் பிடிங்க, தானா இறங்கும். கொடுக்கறப்ப தலைப்பக்கம் உயர்ந்திருக்கணும், முடிஞ்சு ஒரு மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. வாய் வழியா எதுவும் வேண்டாம், ஆசையா யாராவது பிஸ்கெட் நீட்டினாலும்.

குழாய் கழண்டு வந்துட்டா: பயப்பட வேண்டாம், ஆனா நேரம் கடத்தக் கூடாது. சில மணி நேரத்துலயே துளை சுருங்க ஆரம்பிச்சிடும். பையில அதே சைஸ் ஒண்ணு, ஒரு சைஸ் சின்னது ஒண்ணு, மாத்துக் குழாய் இருக்கு. நர்ஸ் போடலாம். முடியலன்னா சுத்தமான துணியை மேல வெச்சு உடனே ஆஸ்பத்திரி.

ஃபிட்ஸ் பக்கம்: மணி பாருங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஸ்பூன், தண்ணி எதுவும் கூடாது. கையில சாவிக்கொத்து, இரும்பு எதுவும் வேண்டாம். அதால ஃபிட்ஸ் நிக்காது, நேரம்தான் போகும். 5 நிமிஷம்னா ஸ்ப்ரே.

அப்புறம் அவனோட பாஷை. வலது புருவம் மட்டும் தூக்கினா "ஆமாம்". கண்ணை மூடி முகத்தைத் திருப்பினா "போதும்". ஒரே சுருதில முனகினா சலிப்பு, விட்டு விட்டு முனகினா எங்கயோ வலி, முதல்ல இடுப்புப் பட்டையைப் பாருங்க. இதுல பாதி எழுத்துல வரல. போன்ல சின்னச் சின்ன வீடியோவா எடுத்து அனுப்பினேன்.

மருந்து ரெண்டு பையில, ரெண்டு வேற ஆள்கிட்ட. மூணு நாளைக்கு அஞ்சு நாள் மருந்து. மழைல பாதை அடைபட்டா?

எங்க அத்தை கேட்ட கேள்வி

வீட்டுல எல்லாரும் சரின்னு சொல்லல. என் மாமியார், அத்தைன்னுதான் கூப்பிடுவேன், ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசல. "வயித்துல ஓட்டையோட இருக்கற சாமிய மலைக்கு அனுப்பறதா? அவன் கேட்டானா உன்னைய?" பெத்தவளுக்குப் பாரமாப் போச்சான்னு அவங்க வாயால சொல்லல, ஆனா அந்த அர்த்தம் அந்தப் பேச்சுல இருந்துச்சு. உங்க வீட்டுலயும் வரும். அத்தைக்குப் பதில் சொல்றதை விட, அவங்க பயத்துல என்ன விஷயம் இருக்குன்னு கேட்டுப் பாருங்க.

ஒரு நாள் வெங்காயம் உரிச்சுட்டே கேட்டாங்க: "ராத்திரி அவன் முனகுனா யாருக்குக் கேக்கும்? உனக்குன்னா தூக்கத்துலயே கேக்கும்." நான் பாத்ரூம் கதவு அங்குலம் வரைக்கும் கேட்டிருந்தேன், இது அதை விடப் பெருசு. உடனே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். அவங்க ராத்திரியை ரெண்டு ஷிஃப்ட்டா பிரிச்சாங்க. 10 மணியில இருந்து 2 வரைக்கும் ஒருத்தர், 2ல இருந்து 6 வரைக்கும் ஒருத்தர், முழிச்சே இருக்கணும், நாற்காலி பிள்ளைகளோட அறைக்குள்ளதான். முழிச்சிருந்தவங்களுக்கு அடுத்த நாள் மதியம் வரைக்கும் வேலை இல்ல. இது எட்டு பிள்ளைகளுக்கும் ஆச்சு. அத்தைகிட்ட சொன்னேன். "ம்"னாங்க. அன்னைக்கு ராத்திரி அவன் ஸ்வெட்டரை எடுத்து வெயில்ல போடச் சொன்னாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி மூணு சனிக்கிழமை, அவனைப் பாத்துக்கப் போற அக்கா வீட்டுக்கு வந்தாங்க. முதல் வாரம் நான் செய்ய அவங்க பார்த்தாங்க. ரெண்டாவது வாரம் அவங்க செய்ய நான் பார்த்தேன். மூணாவது வாரம் அவங்க செய்ய நான் வாசல்ல உக்காந்திருந்தேன். அந்த மூணாவது வாரம் இல்லாம யாரும் அனுப்பாதீங்க. அது அவங்களுக்கு மட்டும் பயிற்சி இல்லைங்க.

மூணு நாள்

ஈரோட்டுல காலைல ஆறு மணிக்கு வண்டி கிளம்புச்சு. போன் விதி முன்னாடியே பேசியாச்சு. காலை 9, ராத்திரி 8, ரெண்டு தடவை அவங்க கூப்பிடுவாங்க. நடுவுல நல்ல செய்தின்னா வாட்ஸ்அப், கெட்ட செய்தின்னா மட்டும் போன். நாங்களா கூப்பிடக் கூடாது. ஒன்பது பேர், எட்டு குடும்பம், நாம ஆளுக்கு நாலு தடவை கூப்பிட்டா அவங்க யாரைப் பாப்பாங்க?

முதல் நாள் நல்லபடியா போச்சு. வாந்தி இல்ல. ஏரிக்கரையில மஃப்ளர் கட்டிக்கிட்டு ஒரு படம் வந்துச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் 4.50க்குப் போன் அடிச்சுது. எட்டு மணி இல்ல, அப்ப அது என்ன போன்னு எங்களுக்குத் தெரியும்.

நர்ஸ் பேசினாங்க. "அம்மா, 4.38க்கு ஃபிட்ஸ் ஆரம்பிச்சது. 5 நிமிஷம் ஆனதும் ஸ்ப்ரே கொடுத்தோம். 4.45க்கு நின்னுடுச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கோம். மூச்சு நல்லா இருக்கு, ஆக்சிஜன் 97. டாக்டர்கிட்ட பேசிட்டேன். நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

வீட்டுக்காரர் கார் சாவியைக் கையில எடுத்துட்டார். ஈரோட்டுல இருந்து சேலம் 65 கிலோமீட்டர், அப்புறம் மலை. ராத்திரி ஏறி அவனை இறக்கிட்டு வந்துடலாம்னார். எனக்கும் அதேதான் தோணுச்சு. ஆனா நோட்டுல 11ம் பக்கம் அதுக்காகவே டாக்டர்கிட்ட கேட்டு எழுதியிருந்தோம். "எப்ப கீழ கொண்டு வரணும்"னு தலைப்பு. ஒரு ஃபிட்ஸ் வந்து, ஒரு வேளை ஸ்ப்ரேல நின்னு, மூச்சு நல்லா இருந்து, ரெண்டு மணி நேரத்துக்குள்ள பழைய மாதிரி முழிச்சுட்டா, அங்கயே இருக்கட்டும். அன்னைக்கு வேற எங்கயும் போகக் கூடாது, அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கணும். 24 மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, முழிக்கலன்னாலோ நேரா சேலம், நாங்க அங்க வந்துடுவோம்.

அந்தப் பக்கத்தை நாங்க எழுதினது ஒரு ஞாயித்துக்கிழமை, டீ குடிச்சுக்கிட்டு. பதட்டத்துல எடுக்க வேண்டிய முடிவை அமைதியா இருக்கற அன்னைக்கே எழுதி வெச்சிடணும். இல்லன்னா அந்த நேரத்துல பயம்தான் முடிவெடுக்கும்.

அவர் சாவியை ஃப்ரிட்ஜ் மேல வெச்சார். நாங்க சமையல் கட்டுல அப்படியே உக்காந்திருந்தோம். 6.20க்கு வீடியோ கால் வந்துச்சு. அவன் முழிச்சிருந்தான். "அம்மா பேசறாங்க பாரு"ன்னு அக்கா சொன்னதும் வலது புருவம் ஏறுச்சு. அன்னைக்கு ராத்திரி அத்தை உள்பட யாரும் தூங்கல. ஆனா யாரும் கிளம்பவும் இல்ல. மூணாம் நாள் மதியம் எல்லாரோடயும் சேர்ந்து அவனும் இறங்கி வந்தான்.

வீட்டுல இருந்திருந்தாலும் அந்த ஃபிட்ஸ் வந்திருக்கலாம். அலைச்சல்ல தூக்கம் கெட்டதும் காரணமா இருக்கலாம். டாக்டர் ரெண்டையும் சொன்னார். எனக்கு முக்கியமாப் பட்டது வேற. அந்த ஏழு நிமிஷம் நான் 95 கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். செய்ய வேண்டியது எல்லாம் வரிசையா நடந்துச்சு.

திரும்பி வந்த நோட்டு

பையை எல்லாம் பிரிச்சு, துணி ஊற வெச்சு, நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழ, கடைசிப் பக்கத்துல அக்காவோட கையெழுத்துல மூணு வரி:

"தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் கை இறுக்கம் குறைகிறது. குளிக்க வைக்கும்போது பக்கெட்டில் குழாயைத் திறந்து விடவும்.

அறையில் யாராவது மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் சீக்கிரம் தூங்குகிறான்.

பக்கத்துக் கட்டில் பையன் சிரித்தால் இவனும் சிரிக்கிறான். நாலு தடவை பார்த்தேன்."

இந்த மூணுமே எனக்குத் தெரியாது. மூணாவது எங்க வீட்டுல தெரிய வாய்ப்பே இல்ல, ஏன்னா எங்க வீட்டுல பக்கத்துக் கட்டில் கிடையாது. 14 வருஷமா அவனைப் பத்தி எது தெரியணும்னாலும் என்கிட்டதான் கேக்கணும். இப்ப நான் அந்த அக்காகிட்ட கேக்கற மாதிரி மூணு விஷயம் இருக்கு. அதுல கொஞ்சம் பொறாமையும் இருந்துச்சுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். பொறாமைக்கு அடியில பெரிய நிம்மதி.

இதனால "எங்களுக்கு அப்புறம் யாரு"ங்கற கேள்வி தீர்ந்துடலை. எட்டு பிள்ளைக்கு ஒன்பது பேர்ங்கறது மூணு நாளைக்குத்தான் நடக்கும். வருஷம் முழுக்க அப்படி ஆள் வைக்க நம்மகிட்ட காசும் இல்ல, நம்ம ஊர்ல அந்த ஏற்பாடும் இல்ல. ஆனா அவனைக் கையாளத் தெரிஞ்சவங்க எண்ணிக்கை ரெண்டுல இருந்து நாலாச்சு. அந்த அக்கா இப்ப மாசத்துல ஒரு சனிக்கிழமை வந்து அவனோட இருக்காங்க, சம்பளம் கொடுத்துத்தான். போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போனோம். பந்தியில பக்கத்துப் பக்கத்து இலை.

எப்ப அனுப்ப வேண்டாம்

மருந்து புதுசா மாத்தி அது செட் ஆகாத நேரம். ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் இன்னும் சரின்னு சொல்லாத நேரம். சளி, காய்ச்சல் இருக்கறப்போ, பணம் கட்டியாச்சேன்னு அனுப்பாதீங்க. பயிற்சிக்கு நேரம் ஒதுக்காத அமைப்புன்னா வேண்டவே வேண்டாம். அவசர மருந்து கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லன்னு சொன்னாங்கன்னா, அது நேர்மையான பதில், நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. அனுப்பாத அம்மாவுக்குப் பாசம் அதிகம்னும் இல்ல, அனுப்பற அம்மாவுக்குத் தைரியம் அதிகம்னும் இல்ல. அந்த நேரத்துல என்ன ஏற்பாடு இருக்குங்கறதுதான் கணக்கு.

சில காகித விஷயம். யுடிஐடி அட்டை நகலைக் கண்டிப்பா பையில வைங்க. ரயில்ல போறதா இருந்தா, துணை இல்லாம போக முடியாத மாற்றுத்திறனாளிக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் ஸ்லீப்பர், மூணாம் ஏசி வகுப்புல 75 சதவீதச் சலுகை இருக்கு, அதுக்குண்டான சான்றிதழ் வேணும். தேசிய அறக்கட்டளையோட நிராமயா காப்பீடு, முன்னாடி சொன்ன நாலு வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. எடுக்காதவங்க எடுத்துடுங்க, டூர் போனாலும் போகலன்னாலும்.

மூணு நாள் ரொம்ப அதிகம்னு தோணுதா? மூணு மணி நேரத்துல ஆரம்பிங்க. சென்னைல இருக்கறவங்களுக்கு மெரினாவுல 2022 நவம்பர்ல திறந்த மரப்பாதை இருக்கு, வீல்சேர்லயே கடல் பக்கம் வரைக்கும் போகலாம். பயிற்சி எடுத்த ஒருத்தரோட பிள்ளையை அனுப்பிட்டு நீங்க ரோட்டுப் பக்கம் சுண்டல் வாங்கிக்கிட்டு நில்லுங்க. அதுவும் முடியலன்னா, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. எங்கயும் அனுப்பலன்னாலும் அது உங்களைத் தவிர இன்னொருத்தருக்குத் தேவைப்படும். முதல் பக்கத்துல இன்னைக்கு ராத்திரி ஒரு வரி எழுதுங்க, உங்க பிள்ளை "ஆமாம்"னு எப்படிச் சொல்லும்னு.

அடுத்த பகுதியில ஒரு பிசியோதெரபிஸ்ட் வர்றாங்க. பிள்ளைங்க வளர வளர நம்ம முதுகு போகாம எப்படித் தூக்கறதுன்னு சொல்லித் தரப் போறாங்க. கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க.